நல்லதம்பி உபதேசியார் கேட்க வந்தது

பிப்ரவரி 14, புதன்

சாம்பல் புதன். காலையில் நேசபுரம், பதினொரு மணிக்குக் கீழவிளை, மூன்று மணிக்குப் புதுக்குளம், மாலையில் தட்டான்விளை. என் சேகரத்தின் நான்கு கோயில்களிலும் ஆராதனையை நானே நடத்தி முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். கால் வீங்கியிருக்கிறது. ஆனாலும் மனதுக்குத் திருப்தி.

நாளை முதல் லெந்து என்னும் தவக்கால நாட்கள் முழுக்க, தினமும் மாலை ஒரு வீட்டில் கூட்டம். இதற்காக உபதேசியார் நல்லதம்பியும் பெண்கள் ஐக்கியச் செயலாளர் ஹெப்சிபா டீச்சரும் ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு வந்தார்கள். பேசுவதற்குப் பன்னிரண்டு பேர். வாரத்தில் இரண்டே நாள் என் பெயர்.

"ஐயாவுக்குக் கொஞ்சம் ஓய்வா இருக்கும்னு பாத்தோம்" என்றார் டீச்சர்.

"நான் என்ன படுத்த படுக்கையாவா கெடக்கேன்?" என்றேன். டீச்சர் சிரிக்கவில்லை.

நல்லதம்பி கீழவிளைச் சபையைக் கவனிக்கும் ஊழியர். வயது ஐம்பத்தேழு, என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஆனாலும் என் முன்னால் உட்கார மாட்டார். நின்றபடியே, "எனக்கு ஒரு நாலு நாள் தாங்கய்யா, போதும். கீழவிளைக் கூட்டத்த மட்டும் நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

"பாப்போம்" என்றேன். பார்க்க ஒன்றுமில்லை. போன வருஷம் இரண்டு பேரைப் பேசவிட்டேன். ஒருவர் இயேசு ஜெபித்த கெத்செமனே தோட்டத்தில் ஆரம்பித்துத் தன் ஸ்கூட்டர் விபத்தில் போய் விழுந்தார், முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. இன்னொருவர் சிலுவையைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லித் தன் மருமகளைப் பற்றிப் பேசினார். மருமகள் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். அதோடு எனக்குப் போதும் என்றாகிவிட்டது. ஜனங்களும், ஐயா பேசினால்தான் கேட்டமாதிரி இருக்கிறது என்கிறார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை.

மே மாதம் எனக்கு மாற்றல் வரும். போகிறவரை ஒரு குறை சொல்ல இடம் வைக்கக்கூடாது.

பிப்ரவரி 17, சனி

தொண்டை கட்டிவிட்டது. என் மனைவி பியூலா சித்தரத்தையை வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னாள். அடக்கிக்கொண்டே பிரசங்கம் செய்தேன். பாதி யாருக்கும் விளங்கியிருக்காது, எல்லோரும் பக்தியாகக் கேட்டார்கள்.

பிப்ரவரி 20, செவ்வாய்

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது பியூலா ஆரம்பித்தாள். "ஜனங்க பாரத்த எல்லாம் மோசே ஒத்தையா சொமக்கதப் பாத்து அவரு மாமனார் வந்து புத்தி சொன்னாரு. ஒங்களுக்குச் சொல்ல எங்கப்பா உயிரோட இல்ல. அதனால நான் சொல்லுதேன்."

"எனக்கே வேதபாடமா?" என்றேன்.

"பாடம் நடத்தத் தெரிஞ்சவங்க கொஞ்சம் படிக்கவும் செய்யலாம்."

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அதற்குள் புதுக்குளத்திலிருந்து போன் வந்தது, யாரோ குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார்களாம். ரசத்துக்குக்கூட உட்காராமல் கிளம்பினேன். திரும்பி வந்து பார்த்தால் தட்டு மூடியபடி இருந்தது. பியூலா உள்ளே படுத்திருந்தாள்.

பிப்ரவரி 23, வெள்ளி

இன்று ஒரு கூத்து. கூட்டம் கீழவிளையில், நான் போய் நின்றது புதுக்குளத்தில். பூட்டின வீட்டுக்கு முன்னால் அங்கியும் வேதாகமமுமாக ஐந்து நிமிடம் நின்றிருக்கிறேன். எதிர் வீட்டம்மா எட்டிப் பார்த்து, "ஐயா, இங்க அடுத்த வாரம்லா?" என்றார்கள். கீழவிளைக்கு நாற்பது நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். அதுவரை நல்லதம்பி பாட்டுப் பாட வைத்து, சாட்சி சொல்ல வைத்து, ஜனங்களைப் பிடித்து வைத்திருந்தார். என்னைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் ஒதுங்கி நின்றுகொண்டார். வண்டி மக்கர் பண்ணிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

காலையில் தட்டான்விளையில் ஒரு அடக்கம். அப்படியே மூன்று நோயாளிகளைப் பார்த்தேன். மூன்று மணிக்கு நல்லதம்பி என் வீடான குருமனைக்கு வந்தார். நான் சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்தார், ஆச்சரியமாக இருந்தது. பியூலா காப்பி கொடுத்துவிட்டு அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். பேசினோம். ஜெபித்து அனுப்பினேன்.

மாலைக் கூட்டம் நன்றாக நடந்தது.

மார்ச் 1, வெள்ளி

நல்லதம்பி மீது வருத்தம். கீழவிளையில் படுக்கையில் கிடக்கும் இரண்டு பேரையும், புதுக்குளத்தில் வழுக்கி விழுந்த அந்த அம்மாவையும், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இவரே போய்ப் பார்த்து ஜெபித்துவிட்டு வந்திருக்கிறார். சைக்கிளில். புதுக்குளம் அவருடைய சபையே அல்ல. நான் அந்த வீட்டுக்குப் போனபோது, "இப்பத்தான் உபதேசியார் வந்துட்டுப் போறாவ" என்கிறார்கள். ஏதோ என் வேலையை நான் செய்யாமல் விட்டதுபோல் ஆகிவிட்டது.

கூட்டம் முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "ஒங்க சபைய நீங்க பாருங்க, போதும்."

"சரிங்கய்யா. ஐயாவுக்கு ஒரு நடை மிச்சமாகட்டும்னு நெனச்சேன்" என்றார்.

"என் நடைய நான் நடந்துக்கிடுதேன்."

தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேனோ என்று வண்டியில் வரும்போது தோன்றியது. ஆனால் ஒழுங்கு என்று ஒன்று வேண்டும்.

மார்ச் 4, திங்கள்

பியூலாவைத் திட்டினேன். எதற்கு என்று இப்போது நினைவில்லை.

மார்ச் 8, வெள்ளி

பிரசங்கம் ஆயத்தம் செய்ய உட்கார்ந்தால் எழுத்து கண்முன் கலங்குகிறது. முன்பெல்லாம் வேதத்தைத் திறந்தால் ஒரு வசனமாவது என்னோடு பேசும். இப்போது எல்லாம் பிரசங்கக் குறிப்பாகவே தெரிகிறது. எனக்காக ஜெபித்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். கணக்குப் பிடிபடவில்லை. ஈஸ்டர் பண்டிகை முடிந்தால் சரியாகிவிடும்.

பெரிய வெள்ளிக்கு, சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளையும் நானே பேசுவதாகக் கமிட்டியில் சொல்லிவிட்டேன். வழக்கமாக ஏழு பேர் பேசுவார்கள். மூன்று மணி நேரம் ஒருவராகப் பேச முடியுமா என்று ஒருவர் கேட்டார். முடியும் என்றேன். 

மார்ச் 12, செவ்வாய்

கூட்டத்தில் பாட்டின் நடுவே நல்லதம்பி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை. அவர் மனைவி செல்லக்கனி முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். புழுக்கம் அதிகம்தான். முடிந்ததும் கேட்டேன். "ஒண்ணுமில்லைய்யா, வாய்வு" என்றார். சுக்கு வெந்நீர் குடிக்கச் சொன்னேன்.

மார்ச் 15, வெள்ளி

நல்லதம்பி உபதேசியார் இன்று காலை ஆறரை மணிக்குக் காலமானார். கோயில் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே.

மார்ச் 16, சனி

அடக்க ஆராதனை. நான்கு சபையும் வந்திருந்தது. நேற்று முழுவதும் கண் கலங்கவில்லை, இன்றும் கலங்கவில்லை. கல் மாதிரி நின்று நடத்தி முடித்தேன்.

வீட்டில் பெண்கள் நடுவே செல்லக்கனி உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்கள்:

"போன மாசம் ஐயாவப் பாத்துட்டு வந்தாவ. ஐயா ரொம்ப நேரம் கண்ண மூடி ஜெபிச்சாவன்னு சொன்னாவ. அதுக்குப் பொறவு மனசுல ஒரு கலக்கமும் இல்லாம இருந்தாவய்யா."

சுற்றியிருந்த பெண்கள் என்னை ஏறிட்டுப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நான் தலையைக் குனிந்து நின்றேன். அடக்கமான மனிதர் என்று நினைத்திருப்பார்கள்.

மார்ச் 17, ஞாயிறு

பிப்ரவரி 27ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். "பேசினோம். ஜெபித்து அனுப்பினேன்" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது.

பொய். நான் தூங்கிவிட்டேன்.

அவர் உட்கார்ந்தது நினைவிருக்கிறது. "ஐயா, ஒரு காரியம் கேக்கணும்" என்று ஆரம்பித்தது நினைவிருக்கிறது. பியூலா காப்பி வைத்துவிட்டுப் போனது நினைவிருக்கிறது. பிறகு கண்ணைத் திறந்தபோது மணி நாலே முக்கால். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. இரண்டு தம்ளர் காப்பியிலும் ஆடை படிந்திருந்தது. ஜெபிக்கிறேன் என்று நினைத்து அந்த மனிதர் எவ்வளவு நேரம் கைகட்டி உட்கார்ந்திருந்தாரோ தெரியாது.

மறுநாளே, "என்ன காரியமா வந்தீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் தூங்கினது வெளியே வந்துவிடும். அதனால் கேட்கவில்லை. இதை இப்போதுதான் எனக்கே ஒப்புக்கொள்கிறேன்.

மார்ச் 18, திங்கள்

ஹெப்சிபா டீச்சர் வந்தார். செல்லக்கனி வீட்டு அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று கிடைத்ததாம். பிப்ரவரி 26ஆம் தேதி போட்டிருக்கிறது. இருதயக் குழாயில் அடைப்பு, உடனே சேரவேண்டும் என்று எழுதியிருக்கிறதாம்.

"சேந்திருந்தா பொழச்சிருப்பாவய்யா. ஏன் சேரலன்னுதான் ஒருத்தருக்கும் வெளங்கல" என்றார் டீச்சர்.

26ஆம் தேதி டாக்டர் சொல்லியிருக்கிறார். 27ஆம் தேதி என்னிடம் வந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் சேரட்டுமா வேண்டாமா என்று கேட்டிருப்பார். நான் கண்ணை மூடியிருந்திருக்கிறேன். உட்கார்ந்து தூங்குகிறவன் தலை சும்மா இருக்காது. எந்தக் கேள்விக்கு என் தலை ஆடியதோ.

மார்ச் 19, செவ்வாய்

கூட்டம் நடந்தது.

மார்ச் 20, புதன்

கூட்டம் நடந்தது.

மார்ச் 23, சனி

நேற்று கூட்டம் நடக்கவில்லை. நடந்தது, ஆனால் நான் நடத்தவில்லை.

பேச எழுந்தேன். வசனத்தை வாசித்தேன். அடுத்த வார்த்தை வரவில்லை. முப்பது பேர் பாயில் உட்கார்ந்து என்னையே பார்க்கிறார்கள். தண்ணீர் குடித்தேன். மறுபடியும் அதே வசனத்தை வாசித்தேன்.  அப்போது ஹெப்சிபா டீச்சர் உட்கார்ந்தபடியே ஒரு கீர்த்தனை எடுத்தார். எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். பாட்டு முடிவதற்குள் பியூலா என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து படுத்தவன் இன்று பத்து மணிக்குத்தான் எழுந்தேன். அந்த வசனத்தை வைத்து டீச்சரே பேசி முடித்தாராம். நன்றாக இருந்ததாம். கேட்டபோது வந்தது நிம்மதியா பொறாமையா என்று சொல்லத் தெரியவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. நேசபுரத்தில் மட்டும் ஆராதனை நடத்தினேன். மற்ற மூன்று இடத்திலும் யார் யாரோ நடத்தினார்கள். நான் ஏற்பாடு செய்யவில்லை, அவர்களே செய்துகொண்டார்கள்.

மதியம் பியூலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காப்பி வைத்துவிட்டுப் போனவள் அவள்தானே. நான் தூங்கிவிட்டேன் என்று சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள். 

பிறகு கேட்டாள். "செல்லக்கனிகிட்ட சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்ல? ஐயா ஜெபிச்சாவங்கது ஒண்ணுதான் அவங்களுக்கு இருக்க ஆறுதல். அதையும் புடுங்கவா?"

"அவங்க ஆறுதலப் பத்தித்தான் யோசிக்கீங்களா?"

எழுந்து போய்விட்டேன். அவளுக்கு என்னைப் பத்தொன்பது வருஷமாகத் தெரியும்.

மார்ச் 26, செவ்வாய்

கீழவிளைக்குப் போனேன். தனியாக.

செல்லக்கனி முற்றத்தில் புளி உடைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி எடுத்துப் போட்டார்கள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு எதையாவது பேசிவிட்டு, ஜெபித்துவிட்டு வந்துவிடுவேன்.

"அம்மா, உபதேசியார் அன்னைக்கு என்னப் பாக்க வந்தாங்கல்லா. நான் ஜெபிக்கல. தூங்கிட்டேன். அவங்க என்ன கேட்டாங்கன்னே எனக்குத் தெரியாது."

மனதுக்குள் பத்து நாள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள். 

செல்லக்கனி என்னைப் பார்த்தார்கள். கோபமில்லை, ஆச்சரியமும் இல்லை.

"தெரியும்யா."

எனக்கு விளங்கவில்லை.

"அவிய அன்னைக்கே வந்து சொல்லிட்டாவ. ஐயா உக்காந்தபடியே தூங்கிட்டாவ, பாவம், எழுப்ப மனசு வரலன்னு. சத்தம் போடாம எந்திரிச்சு வந்தாவளாம்."

"அப்ப ஏம்மா எல்லார் முன்னாலயும் ஜெபிச்சாங்கன்னு சொன்னீங்க?"

"எழவு வீட்டுல வச்சு, எங்கய்யா தூங்கிட்டாவன்னா ஊரக் கூட்டிச் சொல்லச் சொல்லுதீங்க?" என்றார்கள். "யாரும் கேக்கதுக்கு முன்னால நானே சொல்லிவச்சேன். ஆஸ்பத்திரிக்கு ஏன் போவலன்னு நாளைக்கு ஒருத்தர் கேப்பாவல்லா? அப்பம் ஐயா தூங்கினது வெளிய வந்துறக்கூடாதுல்லா."

இப்போது உட்கார்ந்தேன்.  இத்தனை நாள் நான் மறைத்து வைத்திருந்ததாக நினைத்ததை, புருஷனைப் பறிகொடுத்த இந்த அம்மா எனக்காக மறைத்து வைத்திருக்கிறார்கள்.

"என்ன கேக்க வந்தாங்க?"

"பத்து நாள் லீவு. ஆஸ்பத்திரியில சேரதுக்கு. வேற ஒண்ணுமில்ல."

"என்ன எழுப்பியிருந்தா அன்னைக்கே அனுப்பியிருப்பேனே!"

"அனுப்பியிருப்பீங்க." புளியை மறுபடியும் கையில் எடுத்துக்கொண்டார்கள். "ஆனா அவிய போயிருக்க மாட்டாவ. வீட்டுக்கு வந்ததும் என்ன சொன்னாவ தெரியுமா? செல்லக்கனி, நான் படுத்துட்டா கீழவிளையையும் ஐயா தலையிலதான் போடணும். அவுக வேற யாருக்கும் ஒரு கூட்டம்கூடக் குடுக்க மாட்டாவ. ஏற்கெனவே உக்காந்த எடத்துல தூங்குதாவ. பண்டிகை முடியட்டும், அப்பறமாப் போயிக்கிடலாம்னு. நான் மல்லுக்கு நின்னேன்யா. கேக்கல."

அவர் புதுக்குளத்துக்குச் சைக்கிள் மிதித்தது அதற்குப் பிறகுதான். அடைப்பு இருந்த நெஞ்சோடு. நான் அவரைக் கூப்பிட்டுக் கண்டித்ததும் அதற்குப் பிறகுதான்.

அழுதேன். பதினொரு நாள் வராத அழுகை, ஒரு பெண்பிள்ளை முன்னால் வெட்கமில்லாமல் வந்தது. செல்லக்கனி தேற்றவில்லை, போகச் சொல்லவும் இல்லை. அவர்களும் அழுதார்கள். புளி உடைப்பதை நிறுத்தாமல் அழுதார்கள்.

எழுந்திருக்கும்போது, "என்ன மன்னிப்பீங்களா?" என்று கேட்டேன்.

"அதுக்குக் கொஞ்ச நாள் ஆவும்யா" என்றார்கள்.

மார்ச் 27, புதன்

ஏழு பேர் வீட்டுக்கு நடந்து போனேன். பெரிய வெள்ளியன்று ஆளுக்கொரு வார்த்தை பேச முடியுமா என்று கேட்டேன். ஸ்கூட்டர் விபத்துக்காரரிடமும் கேட்டேன். நம்பாமல் பார்த்தார். ஆறு பேர் சரி என்றார்கள். மூன்றாம் வார்த்தைக்கு யாரை விடுவது என்று தெரியாமல் நின்றபோது, பியூலா ஒரு பெயர் சொன்னாள். எனக்குக் கேட்கத் துணிவில்லை, அவளே கீழவிளைக்குப் போய்க் கேட்டுவந்தாள்.

மார்ச் 29, பெரிய வெள்ளி

பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, பெரிய வெள்ளியன்று பெஞ்சில் உட்கார்ந்தேன், பியூலா பக்கத்தில். முதல் வார்த்தையில் ஒருவர் தடுமாறினார். இரண்டாம் வார்த்தை பேசினவர் எழுதி வந்த தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

மூன்றாம் வார்த்தைக்குச் செல்லக்கனி எழுந்து போனார்கள். வெள்ளைச் சேலை. மைக்கைப் பிடிக்கத் தெரியவில்லை, ஹெப்சிபா டீச்சர் பிடித்துக்கொண்டார்.

"எனக்குப் பிரசங்கம் வராது" என்றார்கள். "ஆண்டவரு சிலுவையில தொங்கும்போது, தன்னப் பெத்த தாய, பக்கத்துல நின்ன சீஷன் கையில ஒப்புக்குடுத்தாரு. லோகத்தையே சொமக்கவரு, இது ஒண்ண நீ பாத்துக்கோன்னு ஒரு மனுஷன்கிட்ட கேட்டாரு. கேக்கதுல அவருக்கு ஒரு கொறச்சலும் வரல. எங்க வீட்டுலயும் ஒருத்தர் அப்படிக் கேக்கத்தான் போனாவ. கேக்காமலே வந்துட்டாவ."

அவ்வளவுதான். இறங்கி வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்கள்.  யாரைச் சொன்னார்கள் என்று சிலருக்கு விளங்கியிருக்கும், சிலருக்கு விளங்கியிருக்காது. பியூலா என் பக்கம் திரும்பவில்லை.

ஆராதனை முடிந்து ஜனங்கள் கலையும்போது வாசலில் நின்றேன். செல்லக்கனி கடைசியாக வந்தார்கள். என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார்கள்:

"பண்டிகைக்கு ஐயா கீழவிளைக்கு வரவேண்டாம். நாங்க பாத்துக்கிடுதோம். நீங்க வீட்டுல இருந்து நல்லா தூங்குங்க."

"சரிம்மா" என்றேன்.

இந்த ஒரு சரியைப் பிப்ரவரி பதினான்காம் தேதி அவரிடம் சொல்லியிருந்தால், அவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்.